கரண்டுச் சட்டியும் டீமேக்கர் ஐயாவின் மூக்கும்

வேலைக்கு வருகிற ஆட்களை வாசலில் நிறுத்தி, மோந்து பார்த்து உள்ளே விட்ட மனிதர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, இப்போது முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். இலங்கையில், மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தார். டீமேக்கர் ஐயா.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே தூள் எப்படி வர வேண்டும் என்பது அவர் பொறுப்பு. காய்ந்த தேயிலைத் தூளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் அதை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அதனால் ஸ்டோருக்குள் வெங்காயம் கூடாது, மண்ணெண்ணெய் கூடாது, வாசனைச் சவர்க்காரம் கூடாது, மல்லிகைப் பூ கூடவே கூடாது. அப்பா அங்கே தூள் காயவைக்கும் அடுப்பில் வேலை செய்தார். ஒருநாள் வாசலில் அவரை மறித்த டீமேக்கர் ஐயா, கழுத்துப் பக்கமாக மூக்கைக் கொண்டுபோனாராம்.

"நேத்து பூண்டு தின்னியா?"

"கொஞ்சந்தாங்க ஐயா."

"போய்ப் பல்லு வெளக்கிட்டு வா."

அந்த மூக்குக்குப் பயந்து எங்கள் வீட்டில் ரசத்துக்குக்கூடப் பூண்டு போடுவதில்லை. இத்தனைக்கும் ஐயா ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். குடும்பத்தைக் கண்டியில் விட்டுவிட்டு ஸ்டோருக்கு மேலே இருந்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். எங்களுக்கு அவர் கொடுங்கோலராகத்தான் தெரிந்தார்.

குவைத்தில் சண்டை மூண்ட வருஷம் சின்னம்மா திரும்பி வந்தார். அம்மாவின் தங்கை. அவருடைய புருஷன் வேறொருத்தியோடு கலேவெலைப் பக்கம் போய்விட்டதால், பிள்ளை குட்டி இல்லாமல், ஏஜென்சி மூலம் குவைத்துக்குப் போய் நான்கு வருஷம் ஒரு வீட்டில் வேலை செய்தவர். ஈராக் படை உள்ளே வந்ததும் அந்த வீட்டு மேடம், "எங்களோடு உன்னைக் கூட்டிப்போக முடியாது. இந்த வீட்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள், எப்படியும் பட்டாளக்காரன் கொண்டுபோகப் போகிறான்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். கூட வேலை செய்த பெண்கள் டிவியும் தையல் மெஷினும் எடுத்தார்கள். சின்னம்மா எடுத்தது ஒரு சட்டி.

வெளியே வெள்ளைத் தகரம், உள்ளே பழுப்பு நிறத்தில் கனமான பீங்கான், மேலே கண்ணாடி மூடி, பின்னால் ஒரு வயர். அதுதான் ஸ்லோ குக்கர். ஜோர்தான் வரைக்கும் பாலைவனத்தில் பஸ்ஸில் வரும்போது டிவி எடுத்தவர்கள் டிவியை மணலில் விட்டுவிட்டு வந்தார்களாம். சின்னம்மா சட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

அதன் வயர் மாத்தளையில் ஒரு வம்பைக் கொண்டுவந்தது. செக் பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். தமிழ்ப் பெண், கையில் பெட்டி, பெட்டிக்குள் வயர். அந்தக் காலத்தில் அது குண்டாகத்தான் தெரியும். சிப்பாய் மூடியைத் தூக்கிப் பார்த்து, "மே மொகத்த?" என்று கேட்டான். இது என்ன என்று அர்த்தம். சின்னம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனால் பயத்தில் வாயில் வந்தது அரபு.

"ஹாதா கிதர்" என்றார்.

சிப்பாய் துப்பாக்கியை நேராகப் பிடித்தான். அதே பஸ்ஸில் வந்த, அரபு தெரிந்த முஸ்லிம் கடைக்கார நானா ஒருவர்தான் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்து, "சேர், சேர், சட்டியைச் சட்டி என்றுதான் சொல்லுது" என்று சிங்களத்தில் விளக்கினாராம். கூட்டிவரப் போயிருந்த அப்பா இதை அந்தத் தீபாவளி வரைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது நாலு லயத்துச் சனமும் முன்திண்ணையில், எங்கள் பேச்சில் இஸ்தோப்பில், நின்றது. ரேடியோ கசெட் வரும் என்று என் தம்பி அப்பாவை நச்சரித்து வாடகைக்குப் பாட்டுக் கசெட்டே எடுக்க வைத்திருந்தான். சட்டியைப் பார்த்ததும் கூட்டம் கலைந்தது.

"நாலு வருஷம் போயி ஒரு சட்டியோட வந்திருக்கா" என்றார் அம்மா, சின்னம்மாவின் காதில் விழும்படியாகவே. "நம்ம வீட்டுல சட்டியா இல்ல?"

"இது கரண்டுச் சட்டி, அக்கா."

"நம்ம வீட்டுல கரண்டு எங்கடி இருக்கு?"

லயத்தில் யாருக்கும் கரண்ட் கிடையாது. ஆகவே சட்டியில் அம்மா புளி போட்டு வைத்தார்.

சின்னம்மா அந்த நாட்களில் அதிகம் பேசமாட்டார். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருப்பார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: சம்பள பாக்கி கிடைக்குமா, நகை எல்லாம் போச்சா? "போச்சு" என்பார். "அழுவாத, உசுரோட வந்தியே" என்று தேற்றுவார்கள்.

எங்களிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்வார். வியாழக்கிழமைதோறும் அந்தச் சட்டியில் பீஸா செய்வாராம். வட்டமாகத் தட்டில் வைத்துச் சுடுகிற பீஸா இல்லை, அடுக்கடுக்காகப் போட்டு மெதுவாக வேகவிடுகிற பீஸா. கீழே ரொட்டி, அதன்மேல் கொத்தின இறைச்சி, தக்காளிக் குழம்பு, சீஸ், மறுபடி ரொட்டி. காலையில் போட்டால் பின்னேரம் பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வரும்போது தயாராக இருக்கும். நாங்கள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்போம். "தீவாளிக்குச் செஞ்சு தாறேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தை. அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

இறைச்சிக்குக் கவலையில்லை. தீபாவளிக்கு லயத்தில் ஆடு வெட்டிப் பங்கு போடுவார்கள். ரொட்டியை நாங்கள் வருஷம் முழுக்கத் தின்கிறோம். தக்காளி மாத்தளைச் சந்தையில் மலிவு. பண்டிகை என்பதால் அன்றைக்கு மட்டும் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ந்தன. அரபு வீடுகளில் ரொட்டிக்குத் தூவித் தின்னும் ஒரு பச்சை இலைத் தூளைச் சின்னம்மா சீலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இல்லாதது சீஸ் ஒன்றுதான். தோட்ட மேனேஜரான தொரையின் பங்களாவில் சமையல் செய்த அப்பு, சின்னம்மாவின் கெஞ்சலுக்கு இரங்கி, ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அந்தத் துண்டு மஞ்சளாக, சின்னச் செங்கல் வடிவில் இருந்தது. சூடு படக் கூடாது என்று சின்னம்மா அதை, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் பக்கத்தில், தண்ணீர் சொட்டுகிற கல்லிடுக்கில் வைத்தார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன அப்பா, வீட்டில் புதுச் சவர்க்காரம் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"என்னா சவுக்காரம்டி இது?" என்று பீலியிலிருந்து அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "தேய்க்கத் தேய்க்க நொரையே வரமாட்டேங்குது!"

சின்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினார். சீஸில் பாதி அப்பாவின் மார்பு மயிரில் இருந்தது. மிச்சத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா மறுபடி மூன்று முறை குளித்தார். நாளைக்கு வாசலில் அந்த மூக்கு இருக்கிறதே.

இனிக் கரண்ட். தோட்டத்தில் கரண்ட் இருந்த இடங்கள் தொரை பங்களா, உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ், ஸ்டோர். முதல் இரண்டிலும் நாங்கள் படியேற முடியாது. தீபாவளியன்று ஸ்டோர் மூடியிருக்கும். முந்திய வருஷங்களில் அங்கங்கே ஸ்டோர்களுக்கு நெருப்பு வைத்த காலம் என்பதால் வாச்சர் ஒருவர் மட்டும் காவலுக்கு இருப்பார். பண்டிகை நாளில் வீட்டுக்குப் போக முடியாத எரிச்சலில் அவர் மோட்டார் அறை வாசலில் குந்தியிருந்தபோது, சின்னம்மா சட்டியோடும், நான் கண்ணாடி மூடியோடும், தம்பி ஒன்றும் இல்லாமலும் போய் நின்றோம்.

"ஐயோ, வேணாம் தங்கச்சி. டீமேக்கரு மோப்பம் புடிச்சிருவாரு. என் வேல போயிரும்."

"கண்ணாடி மூடி அண்ணே. இறுக்கமா மூடும். ஒரு வாசம் வெளிய வராது."

வாச்சர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஆட்டிறைச்சி அடுக்கின் மேல் தக்காளி சிவப்பாக மினுங்கியது.

"எனக்கொரு பங்கு?"

"மொதப் பங்கே ஒங்களுக்குத்தான்."

மோட்டார் அறையில் பிளக் இருந்தது. சட்டியின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தபோது தம்பி கை தட்டினான். நாங்கள் வீட்டுக்கு வந்து பட்டாசு வெடித்தோம். பட்டாளக்காரர்களுக்குப் பயந்து அந்த வருஷம் யானை வெடி கிடையாது, கம்பி மத்தாப்பும் சீன வெடியும்தான்.

பின்னேரம் போனபோது வாச்சர் மகா பெருமையோடு நின்றார். மத்தியானத்துக்குமேல் சட்டி கமகமக்க ஆரம்பித்துவிட்டதாம். கண்ணாடி மூடியைச் சுற்றி ஆவி சீறிக்கொண்டிருந்ததாம். வாசம் மேலே குவார்ட்டர்ஸுக்கு ஏறிவிடுமே என்று பயந்து அவர் எல்லா ஜன்னலையும் சாத்தி, தூள் சலிக்கும் அறையில் இருந்த பெரிய ஃபேனைப் போட்டுவிட்டார். அந்த ஃபேன் உள்ளே பறக்கும் தூசியை இழுத்து அந்தப் பக்கம் ஓடைக்கு மேலே தள்ளும்.

"பாத்தியா? வாசல்ல நின்னா ஒரு மணமும் தெரியல. அத்தனையும் அந்தப் பக்கமா இழுத்துருச்சி" என்றார்.

உண்மைதான். அத்தனையும் இழுத்திருந்தது. ஆனால் மோட்டார் அறைக்கும் அந்த ஃபேனுக்கும் நடுவே, சலிப்பதற்காகக் கொட்டி வைத்திருந்த புதுத் தேயிலைத் தூள் மலை மாதிரிக் குவிந்திருந்தது. அதைப் பற்றி எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

லயத்தில் சட்டியைத் திறந்தபோது பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். என்ன ருசி என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் ரொட்டியும் ஆட்டுக்கறியும்தான், ஆனால் அவற்றுக்கு நடுவே ஏதோ இழுபட்டு நூல் நூலாக வந்தது. தம்பி அந்த நூலைப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தான். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "சவுக்காரம் ஒண்ணும் மோசமில்ல" என்றார். அடியில் ரொட்டி பொன்னிறமாகக் காய்ந்து சட்டியோடு ஒட்டியிருந்தது. தம்பி அதைத்தான் கேட்டான்.

"எனக்கு அடி வேணும். சுரண்டிக் குடுங்க."

சின்னம்மா கரண்டியை அப்படியே பிடித்தபடி அவனைப் பார்த்தார். பிறகு சுரண்டிக் கொடுத்துவிட்டு வெளியே எழுந்து போனார். "நகைய நெனச்சிட்டா. நல்ல நாள்லயும் அதே நெனப்பு" என்றார் அம்மா.

மறுநாள் காலை டீமேக்கர் ஐயா ஸ்டோருக்குள் இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார் என்று அப்பா சொன்னார். மூக்கு மட்டும் அசைந்ததாம். நேராகத் தூள் குவியலுக்குப் போய் ஒரு கை அள்ளி மோந்தார். முகம் வெளுத்தது. பிறகு வேலையாட்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராக மோந்தார். பூண்டு தெரியும், வெங்காயம் தெரியும், ஆடு தெரியும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு வாசம் நின்றது. அது அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மூக்குக்கு விடை தெரியவில்லை. தொரைக்கு ஆள் அனுப்பினார்.

தொரை சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார், வெளிநாட்டில் படித்தவர். வந்தார். தூளை அள்ளி மோந்தார். ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார்.

"பீஸா" என்றார்.

அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற கங்காணிக்கு அந்தச் சொல் பிசாசு என்று கேட்டது. தொரையே சொல்லிவிட்டார், தூளுக்குள் பிசாசு புகுந்திருக்கிறது! செய்தி மலைக்கு ஏறி, லயங்களுக்கு இறங்கி, கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. சலிக்கும் அறைப் பெண்கள் வெளியே வந்து, இனி உள்ளே கால் வைக்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பூசாரி சேவலும் எலுமிச்சம்பழமுமாக வந்தார். தொரை இங்கிலீஷில் ஏதோ சொல்லித் தலையைப் பிடித்துக்கொண்டார்.

டீமேக்கர் ஐயா மட்டும் வாச்சரை விடவில்லை. "பேயும் இல்ல பிசாசும் இல்ல. நேத்து யார உள்ள விட்ட? உண்மையச் சொல்லு, இல்லாட்டி இன்னைக்கே ஒன் பேர வெட்டுறேன்."

வேலை போனால் வாச்சருக்கு லயத்துக் காம்பராவும் போகும். அவர் சுற்றிலும் பார்த்தார். பூசாரி நின்றார், சேவல் நின்றது, பாதித் தோட்டம் நின்றது. தப்பிக்க ஒரு வழிதான் தெரிந்தது.

"பிசாசுதாங்க ஐயா! என் கண்ணால பாத்தேன். பொம்பளப் பிசாசு. வெள்ளச் சீல, தலைய விரிச்சுப் போட்டு, கையில ஒரு சட்டி. அப்படியே மெதந்து உள்ள போச்சுங்க."

கூட்டத்தில் எங்களோடு சின்னம்மாவும் நின்றிருந்தார். தலையைக் குனிந்து, முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, நேரம் வரட்டும் என்று இருந்தாரோ என்னவோ. வாச்சர் சொன்னதைக் கேட்டதும் அவருடைய தலை நிமிர்ந்தது.

"ஏண்ணே! வெள்ளச் சீலையா? பச்சச் சீலையில்ல கட்டியிருந்தேன்? தீவாளிக்கு அக்கா எடுத்துக் குடுத்த புதுச் சீல! தலைய நல்லா பின்னிப் பூ வச்சிருந்தேனே, கண்ணு தெரியாதா ஒங்களுக்கு?"

சேவல் கூடக் கூவாமல் நின்றது. அம்மா என் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். சின்னம்மாவுக்கும் தான் சொன்னது அப்போதுதான் புரிந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. முன்னால் போய்த் தொரைக்குக் கும்பிடு போட்டார்.

"பிசாசு இல்லீங்க தொரை. பீஸா. பிள்ளைங்களுக்குச் செஞ்சு தாறேன்னு சொல்லியிருந்தேன். லயத்துல கரண்ட் இல்லீங்க. நாந்தான் கெஞ்சினேன், அவரு மேல தப்பில்ல."

தொரையின் தோள் குலுங்கத் தொடங்கியது. முதுகைக் காட்டிக்கொண்டு தூள் குவியலைப் பார்ப்பதுபோல நின்று சிரித்தார். டீமேக்கர் ஐயா சிரிக்கவில்லை. பூ வேறு வைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தனி அதிர்ச்சி.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. வாச்சருக்கு வேலை போகவில்லை, தேயிலை நாற்று மேடைக்குக் காவலுக்கு மாற்றினார்கள். அங்கே மோப்பம் பிடிக்க ஒன்றுமில்லை. அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு. டீமேக்கர் ஐயா சட்டியை வரவழைத்து, பிளக்கை ஒட்டிக் கத்தரிக்கோலால் வயரை வெட்டி, திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அதில் மறுபடி புளி இருந்தது. பிறகு ஊறுகாய். பிறகு எப்போது உடைந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

தூள்தான் பிரச்சினை. அதைக் கொழும்புக்கு அனுப்ப முடியாது, கொட்டவும் மனமில்லை. ஆட்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் தேயிலையாகப் பங்கு போட்டுவிடச் சொன்னார் தொரை. ஆகவே அந்த மாரி காலம் முழுக்க எங்கள் தோட்டமே பீஸா குடித்தது. பால் விடாத சாயத்தண்ணியில் முதல் மடக்கில் பூண்டு வரும், அப்புறம் தக்காளி, விழுங்கிய பிறகு அந்தப் பச்சைத் தூள் மூக்கு வழியாக ஏறும். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் சனம் எங்களைக் கரித்துக்கொட்டும். எங்கள் மேல் லயத்துக் கிழவர் ஒருவர் மட்டும், தேத்தண்ணிக்குத் தொட்டுக்கொள்ள இனி ஒன்றும் தேவையில்லை என்று சந்தோஷமாக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்த நேரம், டீமேக்கர் ஐயா எங்கள் லயத்துக்கு வந்தார். உத்தியோகத்தர் யாரும் லயத்துக்கு வருவதில்லை. அப்பா சட்டையைத் தேடி ஓடினார். அம்மா ஸ்டூலைத் துடைத்தார். ஐயா உட்காரவில்லை. சின்னம்மாவைப் பார்த்துச் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு அதுல ஒரு வாசம் இருந்துச்சே. பூண்டு இல்ல, மத்தது. அது என்னான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குதும்மா."

சின்னம்மா உள்ளே போய் அந்தப் பச்சைத் தூள் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார். "ஸாத்தருங்க ஐயா. அரபிக்காரங்க ரொட்டிக்குப் போடுறது."

ஐயா பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி, மெதுவாக மூச்சை இழுத்தார். முகத்தில் இருந்த இறுக்கம் எல்லாம் போய்விட்டது. பெரிய பரீட்சை ஒன்றைப் பாஸ் பண்ணியவர்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா பயந்து பயந்து கொடுத்த சாயத்தண்ணியை வாங்கிக் குடித்தார்.

"ம். இதேதான்" என்றார். பிறகு, பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியாமல் கேட்டவர்போல, "இத யாருக்கும்மா சமைச்சுப் போட்ட அங்க?" என்றார்.

சின்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்த நாளிலிருந்து சம்பளத்தைக் கேட்டார்கள், நகையைக் கேட்டார்கள், டிவியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

"ரெண்டு பயலுகங்க ஐயா" என்றார். "நான் போறப்ப சின்னவன் கைப்பிள்ள. எங்கிட்டதான் தூங்குவான். மொதமொதல்ல நடந்ததும் எங்கிட்டதான்."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். பெரியவன் தக்காளியை ஒதுக்கிவிடுவான். சின்னவனுக்கு அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் புரண்டு அழுவான். கார் புறப்பட்டபோது கண்ணாடியில் கையை வைத்து அடித்துக்கொண்டே போனான். இப்போது எந்த ஊரில் இருக்கிறார்களோ, யார் சமைக்கிறார்களோ. ஐயா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா சட்டைப் பொத்தானைப் போடாமலே நின்றார். அம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் கையில் கேத்தலோடு நின்றபடி, தன் தங்கையை அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அவன் என்னவிட பெரிய ஆளா?" என்று கேட்டான்.

"ஒன்னவிட ரெண்டு விரக்கடை கொறச்சல்" என்று சின்னம்மா காற்றில் கையை வைத்து உயரம் காட்டினார். பிறகு அந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். இரண்டு பெயர்கள். எங்கள் வீட்டில் அவை சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. அம்மா சின்னம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்னவனின் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அரபுப் பெயர், அம்மாவின் வாயில் சரியாக வரவில்லை. வரும்வரைக்கும் சொல்லிப் பார்த்தார்.